தனியார் பார்க்கிங் கொம்பனியிட்ட எங்கட கமராப் பதிவைக் கேட்டு எடுக்கிறது எப்பிடி? (இங்கிலாந்து)

வெம்பிளி_வாசி:

வணக்கம் உறவுகளே. ஒரு பார்க்கிங் பிரச்சினை, தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ. எங்கட வீட்டுக்குக் கிட்ட ஒரு ரீட்டெயில் பார்க் இருக்கு. மூண்டு மணித்தியாலம் இலவசம். போன கிழமைக்கு முதல் கிழமை ஒரு நாள், காலமை கார் உள்ள போய் மரக்கறி வாங்கிக்கொண்டு அரை மணித்தியாலத்துக்குள்ள வெளிய வந்திட்டுது. பின்னேரம் திரும்ப ஒருக்கா போனது, அதுவும் கொஞ்ச நேரந்தான். இப்ப தபாலில 100 பவுண்ட் கட்டச் சொல்லிக் கடிதம் வந்திருக்கு. 14 நாளுக்குள்ள கட்டினால் 60. கடிதத்தில இரண்டு படம். காலமை உள்ள வந்தது ஒண்டு, பின்னேரம் வெளிய போனது ஒண்டு. நடுவில எட்டு மணித்தியாலத்துக்கு மேல கார் அங்கேயே நிண்டதாம்.

நான் அந்தக் கொம்பனிக்குப் போன் எடுத்து, "காலமை வெளிய போன வீடியோவைப் பாருங்கோ, இல்லாட்டி எனக்குத் தாங்கோ" எண்டு கேட்டன். வீடியோ பொலிசுக்கு மட்டுந்தான் குடுப்பினம் எண்டு சொல்லி வைச்சிட்டினம். செய்யாத குற்றத்துக்குக் காசு கட்ட எனக்கு மனம் இல்லை. அவையிட கமராவில எங்கட கார் இருக்கு, ஆனால் நாங்கள் பாக்கேலாது எண்டால் அது என்ன நியாயம்? சட்டப்படி கேட்டு எடுக்க ஏலுமா?

[மட்டுறுத்துநர்: காரை யார் ஓட்டியது என்று சொல்லும் ஒரு வரியை நீக்கியிருக்கிறேன். காரணம் கீழே வரும் பதில்களில் தெரியும். இந்த இழையில் எழுதும் எல்லோரும் "கார் போனது", "கார் வந்தது" என்றே எழுதுங்கள். பொது இணையத்தில் எழுதுவதைப் பார்க்கிங் கம்பெனிகளும் படிக்கலாம்.]

ஈஸ்ட்ஹாம்_அண்ணை:

தம்பி, 60ஐக் கட்டிப்போட்டு வேலையைப் பாருங்கோ. நான் சொல்லுறது உங்கட நன்மைக்கு. எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம் கட்டாமல் விட்டு, கடன் வசூலிக்கிறவையிட கடிதம் வரிசையா வந்து, கடைசியில கோட்டால வந்த கடிதத்தையும் திறக்காமல் வைச்சு, சிசிஜே எண்ட கோட்டுத் தீர்ப்பு விழுந்தது. அதுக்குப் பிறகு வீட்டுக் கடன் எடுக்கப் போன இடத்தில பட்ட பாடு கொஞ்சமில்லை. 60 பவுண்டை மிச்சம் பிடிக்கப் போய் ஆறு வருசம் பேர் கெடவேண்டாம்.

நோர்த்_ஹாரோ_அக்கா:

ஈஸ்ட்ஹாம் அண்ணை, உங்கள் அக்கறை விளங்குகிறது. ஆனால் இரண்டு விசயத்தைப் பிரித்துப் பார்க்கவேண்டும். மறுத்து முறையீடு செய்வதால் யாருடைய கடன் பதிவும் கெடுவதில்லை. கோட்டில் வழக்குப் போட்ட பிறகு அதற்குப் பதில் போடாமல் விடுவதாலோ, வழக்கில் தோற்று ஒரு மாதத்துக்குள் காசைக் கட்டாமல் விடுவதாலோதான் சிசிஜே ஆறு வருடம் பதிவில் நிற்கும். அந்தக் குடும்பத்தைக் கெடுத்தது திறக்காத கடிதம். கடன் வசூல் கம்பெனிகளின் கடிதத்தைப் பார்த்து எங்கள் ஆட்கள் வீட்டுப் பொருளை எடுத்துப்போகும் அதிகாரமுள்ள பேயிலிஃப் வரப்போகிறார்கள் என்று நடுங்குகிறார்கள். கோட் தீர்ப்பு இல்லாமல் அவர்களுக்கு வீட்டு வாசலில் எந்த அதிகாரமும் கிடையாது. சமூக நிலையத்தில் கடிதம் வாசித்துச் சொல்லும் வேலையில் நான் இருப்பதால், வயதானவர்கள் இந்தப் பயத்தில் கட்டத் தேவையில்லாத காசைக் கட்டுவதை அடிக்கடி பார்க்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

வெம்பிளித் தம்பிக்கு: ஏலும். "பொலிசுக்கு மட்டும்" என்பது சட்டம் இல்லை. யூகே ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, ஒரு நிறுவனம் உங்களைப் பற்றி வைத்திருக்கும் தனிப்பட்ட தரவின் பிரதியைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இதைத்தான் சப்ஜெக்ட் ஆக்சஸ் ரிக்குவெஸ்ட், சுருக்கமாக எஸ்ஏஆர் என்கிறார்கள். முகம் தெரியும் வீடியோவும் தனிப்பட்ட தரவு. உங்கள் பெயரோடு சேர்த்துப் பார்க்கக்கூடிய கார் இலக்கமும் தனிப்பட்ட தரவு. அவர்கள் அரச வாகனப் பதிவு நிலையமான டிவிஎல்ஏயிடம் 2.50 பவுண்ட் கட்டி உங்கள் பெயரையும் முகவரியையும் வாங்கியல்லவா கடிதம் போட்டிருக்கிறார்கள்? பெயரோடு இணைத்துவிட்ட பிறகு, இது வெறும் கார்ப்படம் என்று அவர்கள் சொல்லமுடியாது.

2018 மே மாதத்துக்கு முன்பு இதற்கு 10 பவுண்ட் வரை கட்டணம் வாங்கினார்கள். இப்போது இலவசம். தனிப் படிவம் தேவையில்லை. வாயால் கேட்டாலும் செல்லும், ஆனால் எழுத்தில் கேளுங்கள். கேட்டது கிடைத்த நாளிலிருந்து ஒரு மாதம். 3ஆம் திகதி கிடைத்தால் அடுத்த மாதம் 3ஆம் திகதிக்குள் பதில் வரவேண்டும். சிக்கலான கேள்வி என்றால் இன்னும் இரண்டு மாதம் நீட்டலாம், ஆனால் அந்த முதல் மாதத்துக்குள்ளேயே காரணத்தோடு அறிவிக்கவேண்டும்.

எங்கே அனுப்புவது என்று தேடவேண்டாம். கம்பெனியின் இணையத்தளத்தில் தனியுரிமைக் கொள்கை என்ற பக்கத்தில் தரவுப் பாதுகாப்பு அலுவலரின் மின்னஞ்சல் இருக்கும். இல்லாவிட்டால் தரவுப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அமைப்பான ஐசிஓவின் பதிவேட்டில் கம்பெனி பெயரைப் போட்டால் முகவரி வரும்.

கமராக்காரன்:

நான் சிசிரிவி பூட்டுற வேலையில கனகாலம் இருக்கிறவன். அக்கா சட்டத்தைச் சொல்லிட்டா. நான் கமராவைச் சொல்லுறன், ஏனெண்டால் கன பேர் இல்லாத ஒண்டைக் கேட்டு ஏமாறினம்.

வாசலில நிக்கிற ஏஎன்பிஆர், அதாவது இலக்கத் தகட்டை வாசிக்கிற கமரா, நீங்கள் நினைக்கிற மாதிரி முழுநாளும் வீடியோ எடுத்து வைக்கிற கமரா இல்லை. இலக்கத் தகடு கண்ணில பட்டதும் இன்ஃப்ரா ரெட் வெளிச்சத்தில தகட்டை ஒரு படம், கார் முழுசாத் தெரிய ஒரு படம், நேரம், எந்தப் பக்கம் போனது, இவ்வளவும் ஒரு பதிவா விழும். பிறகு மென்பொருள் உள்ள வந்த பதிவையும் வெளிய போன பதிவையும் சோடி சேர்க்கும். சோடிக்கு நடுவில உள்ள நேரம்தான் நீங்கள் "நிண்ட நேரம்". உண்மையில அது பார்க் பண்ணின நேரமும் இல்லை. வாசலால வந்து இடம் தேடினதும், வெளிய போற வரிசையில காத்து நிண்டதும் அதுக்குள்ள அடங்கும்.

உங்களுக்கு நடந்ததை இந்தத் துறையில டபுள் டிப் எண்டு சொல்லுவினம். காலமை வெளிய போகேக்க ஒரு வான் முட்டிக்கொண்டு பின்னால வந்து தகட்டை மறைச்சிருக்கலாம். தகட்டில சேறு இருக்கலாம். காலமை வெயில் சரிவா நேர கமராவுக்க அடிச்சிருக்கலாம். பின்னேரம் உள்ள வந்ததும் அதே மாதிரித் தப்பினால், மென்பொருளுக்கு மிஞ்சினது காலமை உள்ள, பின்னேரம் வெளிய. ஒரே தரிப்பு எண்டு முடிச்சுப்போடும்.

இதில முக்கியமான விசயம் இதுதான், வடிவாக் கவனியுங்கோ. கன தரம் அந்த நடுப்பதிவு இல்லாமல் போறதில்லை. பிழையா வாசிச்சு வேற இலக்கத்தில விழுந்திருக்கும். 8 எண்டதை பி எண்டும், ஓ எண்டதை டி எண்டும், 1 எண்டதை ஐ எண்டும் வாசிக்கும். அப்ப உங்கட இலக்கத்தைப் போட்டுத் தேடினால் வராது. படம் அங்கேதான் இருக்கும், சோடி இல்லாத அனாதைப் பதிவுகளுக்குள்ள. அதால "என்ட வீடியோவைத் தாங்கோ" எண்டு கேளாதேங்கோ. அண்டைக்கு இந்தக் கார் சம்பந்தமா வாசிச்ச எல்லாப் பதிவும், ஒரு எழுத்தோ இரண்டு எழுத்தோ மாறி விழுந்த பதிவுகளும், சோடி சேராத பதிவுகளும் எண்டு கேளுங்கோ. காலமை எத்தனை மணியளவில கார் வெளிய போனது, பின்னேரம் எத்தனை மணியளவில உள்ள போனது எண்டு நேரத்தையும் குடுங்கோ. காரின்ர நிறத்தையும் வகையையும் எழுதுங்கோ.

நோர்த்_ஹாரோ_அக்கா:

கமராக்காரன் சொன்ன நேரக் கணக்குக்குச் சட்டத்திலும் இடம் இருக்கிறது. 2025இல் வந்த தரவு பயன்பாட்டு, அணுகல் சட்டம், நிறுவனம் நியாயமான, அளவான தேடல் செய்தால் போதும் என்று எழுதியே வைத்துவிட்டது. "எல்லாவற்றையும் தாருங்கள்" என்று கேட்டால் தேடிப் பார்த்தோம், இல்லை என்று முடித்துவிடுவார்கள். இந்த இருபது நிமிடத்தில், இந்த வாசலில், இந்த நிறக் கார் என்று கேட்டால் அது அளவான தேடல் இல்லை என்று சொல்ல அவர்களுக்கு வழியில்லை.

இன்னொன்றும் அதே மின்னஞ்சலில் போகவேண்டும். அழிக்காதே என்ற கோரிக்கை. யூகே ஜிடிபிஆரின் 18ஆம் பிரிவில், சட்டக் கோரிக்கை ஒன்றுக்கோ எதிர்வாதத்துக்கோ உங்களுக்கு ஒரு தரவு தேவைப்பட்டால், அவர்களுக்கு அது இனித் தேவையில்லாவிட்டாலும் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லலாம் என்று இருக்கிறது. எஸ்ஏஆர் போய்ச் சேர்ந்த பிறகு, கொடுக்காமல் தப்புவதற்காக ஒரு பதிவை அழித்தாலோ மறைத்தாலோ அது 2018ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 173ஆம் பிரிவில் குற்றம். கோரிக்கை போவதற்கு முன்பு வழமையான சுழற்சியில் அழிந்தால் குற்றம் இல்லை. ஆகவே இன்றைக்கே அனுப்புங்கள், நாளைக்கு என்று வைக்கவேண்டாம்.

எதையெல்லாம் கேட்பது என்று பலர் கேட்பதால் சொல்கிறேன். கமராக்காரன் சொன்ன பதிவுகளும் அவற்றின் படங்களும் நேரங்களும். டிவிஎல்ஏயிடம் எந்தத் திகதியில் உங்கள் விபரம் கேட்டார்கள் என்பது. உங்கள் கார் இலக்கத்துக்குப் பணம் கட்டும் இயந்திரத்திலோ கடைக்குள் இருக்கும் திரையிலோ பதிவு இருந்தால் அது. காவலாளி எடுத்த படங்கள், உடலில் பூட்டிய கமராப் பதிவு இருந்தால் அதுவும். உங்களுக்கு அனுப்பிய கடிதங்கள், உங்கள் கோப்பில் எழுதிய குறிப்புகள், நீங்கள் போனில் பேசிய ஒலிப்பதிவு. நில உரிமையாளரோடு உள்ள ஒப்பந்தத்தையும் அறிவிப்புப் பலகைப் படங்களையும் எஸ்ஏஆரில் கேட்டு நேரத்தை வீணாக்கவேண்டாம். அவை உங்களைப் பற்றிய தரவு இல்லை, தரமாட்டார்கள். அவற்றை முறையீட்டில் கேள்வியாக எழுப்புங்கள்.

கோவை_ரீடிங்:

வணக்கம் அக்கா. நான் ரீடிங்ல இருக்கேன். இதே மாதிரி கேட்டப்ப எனக்குப் பாஸ்போர்ட் காப்பியும் ஒரு செல்ஃபியும் அனுப்பச் சொன்னாங்க. அனுப்பலாமா? நம்ம விவரத்தைக் கேட்கப்போய் இன்னும் விவரத்தைக் கொடுக்கிற மாதிரி இருக்கு.

இன்னொரு சந்தேகம். போன மாசம் ஒரு தனியார் கார் பார்க்கிங்ல யாரோ என் வண்டியை இடிச்சிட்டு நிற்காமப் போயிட்டாங்க. கதவு உள்ள போயிருக்கு. அந்த வண்டி நம்பரை இந்த எஸ்ஏஆர் போட்டு வாங்க முடியுமா?

குரோய்டன்_மதி:

கோவை நண்பருக்கு முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். செல்ஃபி அனுப்பாதீர்கள். அக்கா முகம் தெரியும் வீடியோவும் தனிப்பட்ட தரவு என்று சொன்னது சரிதான். ஆனால் பார்க்கிங் விசயத்தில் "என்னைக் காட்டும் வீடியோ" என்று கேட்பது பெரிய ஆபத்து. என் முகத்தை வைத்துத் தேடு என்று சொல்லும் அந்த நிமிடமே, அன்று அந்த இடத்தில் இருந்தது நான், ஓட்டினது நான் என்று எழுதிக் கொடுத்தமாதிரி.

ஏன் அது பெரிய விசயம் என்றால், 2012ஆம் ஆண்டுச் சுதந்திரப் பாதுகாப்புச் சட்டம், அதன் 4ஆவது அட்டவணை. கட்டணம் ஓட்டுநர் மேல் விழுவது. ஓட்டுநர் யார் என்று தெரியாவிட்டால் பதிவுக் கீப்பரிடம், அதாவது காரை டிவிஎல்ஏயில் தன் பெயரில் பதிந்திருப்பவரிடம், வாங்கலாம், ஆனால் கம்பெனி அந்த அட்டவணையின் நிபந்தனைகளை ஒன்று விடாமல் பின்பற்றியிருக்கவேண்டும். காரில் நோட்டீஸ் ஒட்டாமல் கமராவால் பிடித்திருந்தால், தரித்து முடிந்த மறுநாளிலிருந்து 14 நாளுக்குள் கடிதம் கீப்பர் கையில் சேர்ந்திருக்கவேண்டும். ஒருநாள் பிந்தினாலும் கீப்பரைப் பிடிக்கமுடியாது. ஓட்டுநரை மட்டும்தான் தேடலாம். ஓட்டினது யார் என்று சொல்லும் கட்டாயம் இந்தத் தனியார் விசயத்தில் கீப்பருக்கு இல்லை. அந்தப் பாதுகாப்பை ஒரு செல்ஃபிக்காக எறிந்துவிடக் கூடாது. மட்டுறுத்துநர் அந்த வரியை நீக்கினது இதற்காகத்தான்.

என்னைக் கேட்டால் வீடியோவே கேட்கவேண்டாம்.

நோர்த்_ஹாரோ_அக்கா:

மதி, உங்கள் எச்சரிக்கை மிகச் சரி, ஆனால் முடிவோடு நான் ஒத்துப்போகவில்லை. கேட்கும் முறையை மாற்றினால் போதும். முகத்தை வைத்துக் கேட்காமல் காரை வைத்துக் கேட்கவேண்டும். "நான் இந்தக் காரின் பதிவுக் கீப்பர். உங்கள் கடிதத்தின் இலக்கம் இது. இந்த வாகனம் தொடர்பாக என்னோடு இணைத்து நீங்கள் வைத்திருக்கும் தரவு எல்லாம் வேண்டும்." ஓட்டினது யார் என்று இதில் ஓரிடத்திலும் இல்லை. வாகனம் வெளியே போனது என்று எழுதலாம், நான் வெளியே போனேன் என்று எழுதக் கூடாது.

அடையாளம் கேட்பது பற்றி: உண்மையான சந்தேகம் இருந்தால் மட்டுமே கூடுதல் ஆதாரம் கேட்கலாம் என்பது யூகே ஜிடிபிஆரின் 12ஆம் பிரிவு. கடிதம் போட்ட அதே முகவரியிலிருந்து, கடித இலக்கத்தோடு கேட்பவரிடம் பாஸ்போர்ட் கேட்பதற்கு நியாயம் குறைவு. விட்டுக்கொடுக்கவேண்டி வந்தால் வி5சி லாக்புக் என்ற வாகனப் பதிவு ஆவணத்தின் பெயரும் முகவரியும் உள்ள பகுதியை மட்டும், ஆவண இலக்கத்தை மறைத்து அனுப்புங்கள். ஒன்று கவனம்: நியாயமான ஆதாரத்தை அவர்கள் கேட்டிருந்தால், அது போய்ச் சேர்ந்த நாளிலிருந்துதான் மாதக் கணக்குத் தொடங்கும். இழுபறிப்படுவதில் உங்கள் நாட்கள் போய்விடக் கூடாது.

மோதிவிட்டுப் போன வண்டி விசயம் வேறு. அந்த வண்டி இலக்கம் உங்களுடைய தரவு இல்லை, இன்னொருவருடையது. எஸ்ஏஆரில் உங்கள் காரைக் காட்டும் படத்தைத் தந்து மற்ற வண்டியின் இலக்கத்தை மறைத்துவிடலாம். நீங்கள் செய்யவேண்டியது: பதிவை அழிக்காதே என்று உடனே எழுதுவது, இன்சூரன்ஸ் கம்பெனியைக் கேட்க வைப்பது, பொலிசில் பதிவது. சட்டக் கோரிக்கைக்காகக் கேட்டால் கொடுப்பதற்கு 2018 சட்டத்தின் 2ஆவது அட்டவணை இடம் தருகிறது, கட்டாயப்படுத்தவில்லை. இன்சூரன்ஸ்காரர் கேட்டால் பெரும்பாலும் கொடுக்கிறார்கள். மோதியவர் நின்று விபரம் கொடுக்கவேண்டும் என்ற சட்டம் தெருவுக்கு மட்டுமில்லை, பொதுமக்கள் வந்துபோகும் கார் பார்க்குக்கும் பொருந்தும் என்பதால் பொலிஸ் இது தனியார் இடம் என்று தட்டிக்கழிக்கவும் முடியாது. இலக்கம் மட்டும் கிடைத்துவிட்டால் டிவிஎல்ஏயின் வி888 படிவத்தில் காரணம் சொல்லி அந்த வண்டியின் கீப்பர் யார் என்று கேட்கலாம்.

கமராக்காரன்:

கோவைத் தம்பி, போன மாசம் எண்டால் இண்டைக்கே ஓடுங்கோ. கார் பார்க்குக்குள்ள கம்பத்தில நிக்கிற சாதாரண சிசிரிவி கன இடங்களில ஒரு மாசமளவுதான் நிக்கும், பிறகு பழசுக்கு மேல புதுசு எழுதுப்படும். ஏஎன்பிஆர் படங்கள் அப்பிடி இல்லை, கட்டணம் போட்ட கார் எண்டால் வழக்கு முடியுமட்டும் வைச்சிருப்பினம்.

வெம்பிளித் தம்பிக்கும் இதில ஒரு விசயம் இருக்கு. வாசல் கமரா பார்க்கிங் கொம்பனியிடது. கம்பத்துக் கமரா அனேகமா அந்த வளாகத்தை நடத்துற ஏஜென்சியிடதோ கடையிடதோ. இரண்டும் வேற வேற நிறுவனம், வேற வேற பதிவுப்பெட்டி. ஒருத்தருக்குப் போட்ட கடிதம் மற்றவரைக் கட்டாது. பலகையில ஆரிட பேர் இருக்கெண்டு பாத்து இரண்டு பேருக்கும் தனித்தனியா எழுதுங்கோ.

மற்ற ஆக்களின்ர முகம் தெரியுது, அதால தரேலாது எண்டும் சொல்லுவினம். முகத்தையும் தகட்டையும் மங்கலாக்கிற மென்பொருள் இப்ப சாதாரணமா இருக்கு, நாங்களே செய்து குடுக்கிறனாங்கள். வீடியோவை மங்கலாக்க ஏலாட்டி, குறிச்ச நேரத்துப் படங்களை எடுத்து மங்கலாக்கித் தரலாம்.

ஈஸ்ட்ஹாம்_அண்ணை:

அக்கா, நீங்கள் சொல்லுறதெல்லாம் சரியெண்டே வைப்பம். ஆனால் கணக்கு உதைக்குதே. முறையீடு செய்ய 28 நாள். எஸ்ஏஆருக்குப் பதில் வர ஒரு மாசம். பதில் வாறதுக்குள்ள முறையீட்டு நாள் முடிஞ்சுபோம். 60 எண்ட சலுகையும் 14 நாளோட போயிடும். பிறகு முழு 100.

நோர்த்_ஹாரோ_அக்கா:

நல்ல கேள்வி. இதில்தான் அதிகம் பேர் தடுக்குப்படுகிறார்கள். எஸ்ஏஆர் பதிலுக்காக முறையீட்டைப் பிடித்து வைக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்தே ஓடவிடவேண்டும். முதல் 14 நாளுக்குள் கீப்பராக முறையீடு போடுங்கள்: கார் இரண்டு தரம் வந்துபோனது, நடுவில் இருந்த பதிவுகள் உங்களிடமே இருக்கின்றன, அவற்றை எஸ்ஏஆரில் கேட்டிருக்கிறேன் என்று. சலுகைக் காலத்துக்குள் முறையீடு போட்டால், நிராகரிக்கும்போது பெரும்பாலும் அந்தச் சலுகையைத் திரும்ப ஒருமுறை தருவார்கள். நிராகரிப்புக் கடிதத்தில், கம்பெனி பிபிஏ என்ற பார்க்கிங் கம்பெனிச் சங்கத்தின் உறுப்பினர் என்றால், பொப்லா என்ற சுயாதீன முறையீட்டு அமைப்புக்குப் போகும் ஒரு குறியீடு இருக்கும். அதற்கு இன்னும் 28 நாள். அதற்குள் எஸ்ஏஆர் பதில் கையில் வந்துவிடும். ஐபிசி என்ற மற்றச் சங்கத்தின் உறுப்பினர் என்றால் ஐஏஎஸ் என்ற வேறு அமைப்பு, அங்கே அவகாசம் குறைவாக இருக்கலாம், கடிதத்தில் உள்ள திகதியைப் பாருங்கள். பொப்லா இலவசம். அங்கே வென்றால் கம்பெனி கட்டுப்படவேண்டும். தோற்றாலும் நீங்கள் கட்டுப்படவேண்டியதில்லை, ஆனால் சலுகை போய்விடும்.

எல்லாவற்றையும் மறுத்து நில்லுங்கள் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. உண்மையிலேயே கூட நேரம் நின்றிருந்தால் 60ஐக் கட்டுவதுதான் புத்தி. 2015இல் பார்க்கிங்ஐ எதிர் பீவிஸ் வழக்கில், செம்ஸ்ஃபோர்ட்டில் இரண்டு மணித்தியால எல்லைக்கு மேல் 56 நிமிடம் நின்றதற்கு 85 பவுண்ட் கேட்டது செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் அந்த வழக்கில் கார் அங்கே நின்றது உண்மை. வெம்பிளித் தம்பியின் கார் நிற்கவில்லை. நிற்காத காருக்கு ஏன் கட்டவேண்டும்?

இப்படியான சிறு தொகை வழக்குகள் போகும் சிறு வழக்குப் பாதையில் ஆவணங்களை வெளிப்படுத்தவைக்கும் வழமையான கோட் விதி பொருந்தாது. அதனால் கம்பெனியின் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எங்களைப் போன்றவர்கள் பார்க்க எஸ்ஏஆர் மிகப் பெறுமதியான வழி. கட்டணமில்லாத வழியும் கூட.

கோவை_ரீடிங்:

ரொம்ப நன்றி அக்கா. இன்சூரன்ஸ்ல பேசிட்டேன், அவங்க எழுதுறாங்களாம். கார் பார்க்கிங் நடத்துறவங்களுக்கும் அழிக்காதீங்கன்னு மெயில் போட்டுட்டேன்.

வெம்பிளி அண்ணனுக்கு ஒரு யோசனை. அவங்க பதிவு வர்றதுக்கு முன்னாடி நம்ம பக்க ஆதாரத்தைச் சேர்த்து வைங்க. நடுப்பகல்ல அந்த வண்டி வேற எங்கயாவது பெட்ரோல் போட்டிருந்தா கார்டு ஸ்டேட்மெண்ட், வீட்டு வாசல் டோர்பெல் கேமரா, டேஷ்கேம். பேர் தெரியாம மறைச்சுக் கொடுக்கலாம்ல?

குரோய்டன்_மதி:

கொடுக்கலாம், ஆனால் கார்டு யாருடையது என்று பார்த்துக் கொடுங்கள். கீப்பரின் பெயரில் உள்ள கார்டில் அந்தக் கடையிலேயே வாங்கிய பற்றுச்சீட்டைக் கொடுத்தால், ஓட்டினதும் அவரே என்று வாதிடுவார்கள். கார் வேறிடத்தில் நின்றதைக் காட்டும் டோர்பெல் படம் பாதுகாப்பானது, அதில் கார் மட்டும் தெரிந்தால்.

கிளாஸ்கோ_தமிழ்:

ஸ்கொட்லாந்தில் இருப்பவர்களுக்கும் இது பொருந்துமா?

நோர்த்_ஹாரோ_அக்கா:

எஸ்ஏஆர் ஐக்கிய இராச்சியம் முழுவதற்கும் பொருந்தும். மதி சொன்ன 2012 சட்டத்தின் 4ஆவது அட்டவணை இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் மட்டும்.

வெம்பிளி_வாசி:

உறவுகளே, இவ்வளவு நாளும் எழுதாததுக்குக் காரணம் பதில் வரட்டும் எண்டுதான்.

நீங்கள் சொன்ன அண்டிரவே இரண்டு மின்னஞ்சலும் போட்டன், பார்க்கிங் கொம்பனிக்கு ஒண்டு, வளாக ஏஜென்சிக்கு ஒண்டு. முறையீடும் போட்டன். முறையீட்டை அவை நிராகரிச்சிட்டினம். "எங்கட பதிவுகளின்படி வாகனம் வெளியேறவில்லை" எண்டு ஒரே வசனம். பொப்லாக் குறியீடு தந்தினம். ஏஜென்சிக்காரர் முதல் "பொலிசுக்கு மட்டும்" எண்ட அதே பாட்டு. 15ஆம் பிரிவைக் காட்டித் திரும்ப எழுதினாப் பிறகு, தங்கட கமரா கடை வாசலைப் பாக்குது, கார் வாற வாசல் அதில இல்லை எண்டு எழுத்தில தந்தினம். அதால பிரயோசனம் இல்லை.

பார்க்கிங் கொம்பனி ஒரு மாசம் முடியிற தறுவாயில பிடிஎஃப் ஒண்டு அனுப்பினது. அதில ஒரு அட்டவணை. கமராக்காரன் அண்ணை, நீங்கள் சொன்னது அப்பிடியே இருக்கு. காலமை வெளிய போன பதிவு இருக்கு! தகட்டில உள்ள 8ஐ பி எண்டு வாசிச்சிருக்கு. படத்தில எங்கட கார், பின் பம்பரில உள்ள கீறல் கூடத் தெரியுது. நேரமும் நான் எழுதிக்குடுத்த நேரத்தோட சரியா ஒத்துவருது. பின்னேரம் உள்ள வந்த பதிவு இல்லை, ஆனால் அது தேவையும் இல்லை. வெளிய போனது தெரிஞ்சால் எட்டு மணித்தியாலக் கணக்கு உடைஞ்சுதுதானே.

எனக்கு வாற கோவம் என்னெண்டால், அந்தப் படத்தைத் தங்கட பெட்டிக்குள்ள வைச்சுக்கொண்டுதான் "வெளியேறவில்லை" எண்டு எனக்கு எழுதியிருக்கினம். எழுத முதல் ஒருத்தரும் தேடிப் பாக்கேல்லை. எனக்கு உங்களை மாதிரி ஆக்கள் சொல்லித் தந்தீங்கள். இங்கிலிஸ் ஓடாத எங்கட அம்மா அப்பாமாருக்கு இந்தக் கடிதம் வந்தால் என்ன செய்வினம்?

அந்தப் பக்கத்தை அப்பிடியே பொப்லாவுக்கு ஏத்தினன். கொம்பனி தன்ட பக்க ஆதாரம் ஒண்டும் போடாமல் கட்டணத்தை ரத்துச் செய்திட்டுது. மன்னிப்பு எண்ட சொல் அந்தக் கடிதத்தில இல்லை.

ஈஸ்ட்ஹாம்_அண்ணை:

தம்பி, சந்தோசம். அந்தக் குடும்பத்துக்கும் இந்த இழையை அனுப்பப்போறன். நீங்கள் அனுப்பின மின்னஞ்சலின்ர வாசகத்தை, பேரையும் இலக்கத்தையும் எடுத்துப்போட்டு இங்க போட ஏலுமே?

வெம்பிளி_வாசி:

ஓம் அண்ணை. இங்கிலிசில அனுப்பினதின்ர சாரத்தைத் தமிழில தாறன், பாத்து எழுதுங்கோ:

"நான் மேலுள்ள வாகனத்தின் பதிவுக் கீப்பர். யூகே ஜிடிபிஆர் 15ஆம் பிரிவின்படி, இந்த வாகனம் தொடர்பாக என்னோடு இணைத்து நீங்கள் வைத்திருக்கும் எல்லாத் தரவின் பிரதியையும் கேட்கிறேன். குறிப்பிட்ட திகதியில் வாசிக்கப்பட்ட எல்லா ஏஎன்பிஆர் பதிவுகளும் அவற்றின் படங்களும் இதில் அடங்கும். வாகனம் காலையில் இத்தனை மணிக்கும் இத்தனை மணிக்கும் இடையில் வெளியேறியது. மாலையில் இத்தனை மணிக்கும் இத்தனை மணிக்கும் இடையில் மீண்டும் உள்ளே வந்தது. அந்த நேரங்களில் சோடி சேராத பதிவுகளையும், ஓரிரு எழுத்து மாறி வாசிக்கப்பட்ட பதிவுகளையும் தேடவேண்டும். வாகனத்தின் நிறமும் வகையும் இவை. 18ஆம் பிரிவின்படி, சட்ட எதிர்வாதத்துக்கு எனக்கு இந்தத் தரவு தேவைப்படுவதால் எதையும் அழிக்கவேண்டாம். மற்றவர்கள் தெரியும் இடங்களை மறைத்துத் தரலாம். என் அடையாளத்துக்கு உங்கள் கடித இலக்கமும் நீங்கள் கடிதம் அனுப்பிய முகவரியும் போதுமானவை."

அக்கா, இனி ஐசிஓவுக்கு முறையிடலாமா? நட்டஈடு கேட்க ஏலுமா?

நோர்த்_ஹாரோ_அக்கா:

மிகவும் சந்தோசம் தம்பி. பதில் ஒரு மாதத்துக்குள் வந்துவிட்டதால் எஸ்ஏஆர் பிந்தியது என்று முறையிட இடமில்லை. ஆனால் பிழையான தரவை வைத்து உங்கள் மேல் கட்டணம் போட்டார்கள் என்பது தனி முறைப்பாடு. முதலில் கம்பெனிக்கே எழுதுங்கள், பதில் சரியில்லாவிட்டால் ஐசிஓவுக்குப் போங்கள், மூன்று மாதத்துக்கு மேல் தாமதிக்கவேண்டாம். ஐசிஓ உங்களுக்குக் காசு வாங்கித் தராது. மன உளைச்சலுக்கு நட்டஈடு கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு, கோட்டுக்குப் போகவேண்டும். கட்டணம் ரத்தாகிவிட்ட நிலையில் கிடைக்கக்கூடிய தொகை சிறிது, வழக்குக் கட்டணத்தை நீங்கள் முதலில் கட்டவேண்டும். நானாக இருந்தால் முறைப்பாட்டோடு நிற்பேன்.

கமராக்காரன்:

தம்பி, ஒண்டை விட்டிடாதேங்கோ. அந்தப் பிழை வாசிப்பு இன்னும் அவையிட பெட்டிக்க பி எண்டுதான் கிடக்கும். யூகே ஜிடிபிஆரின்ர 16ஆம் பிரிவில திருத்தக் கேக்கிற உரிமையும் இருக்கு. அந்தப் பதிவைத் திருத்தச் சொல்லியும், எட்டு மணித்தியாலத் தரிப்பு எண்ட சோடியை நீக்கச் சொல்லியும் எழுதுங்கோ. உங்கட தகட்டில அந்த 8க்குக் கிட்ட ஒரு ஆணித் தலை இருக்கெண்டால் அதையும் பாத்து, மஞ்சள் மூடியோ வெள்ளை மூடியோ போடுங்கோ. அதே வாசலால நாளைக்கும் போகத்தானே போறியள்.